வாளியும் வல்லுநரும்

பொம்மசந்திராவில் கடல் கிடையாது. ஏரிகள் உண்டு. அவற்றில் தண்ணீர் எவ்வளவு, நுரை எவ்வளவு என்பது வேறு கதை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், ஓசூர் ரோட்டை ஒட்டி, லாரிப் புகைக்கு நடுவே ஒரு பம்பு தயாரிக்கும் சின்ன நிறுவனத்தில் பதினேழு வருஷமாக ஆணி பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். 2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோ வந்த பிறகு சில்க் போர்டு நெரிசலில் வயதாவது கொஞ்சம் குறைந்திருக்கிறது. மற்றபடி பெரிய மாற்றமில்லை.

சொந்த ஊர் திருவொற்றியூர். கடற்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டிப் பள்ளிக்கூடம் போனவன். என் மகளுக்குக் கடல் என்றால் வருஷத்துக்கு ஒரு தடவை பாட்டி வீட்டுக்குப் போகும்போது பார்க்கிற ஒன்று. "அப்பா, உங்க ஊர்ல கடல்ல ஏன் கல்லு கொட்டி வெச்சிருக்காங்க?" என்று ஒரு முறை கேட்டாள். கடலரிப்பு, தடுப்புச் சுவர் என்று விளக்கினேன். அந்தக் கற்களுக்கு இந்தக் கட்டுரையில் வேலை இருக்கிறது. ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் மேனேஜர் ஒரு கட்டுக் காகிதத்தை என் மேசையில் வைத்தார். ஒரு டெண்டர். கடலில் எண்ணெய் கொட்டினால் தடுப்பது எப்படி, கொட்டிவிட்டால் என்ன செய்வது என்று பல துறைமுகங்களைச் சேர்த்து ஒரு பிராந்தியத்துக்கே திட்டம் எழுத, சிறப்பு ஆலோசகர்களை அமர்த்தப் போகிறார்களாம். போட்டியில் இறங்கும் ஓர் ஆலோசனை நிறுவனம், பம்பு சம்பந்தப்பட்ட பக்கங்களை மட்டும் எங்களைப் பார்த்துத் தரச் சொல்லியிருந்தது. "நீ மெட்ராஸ்காரன்தானே, கடல் உனக்குத் தெரியும்" என்றார் மேனேஜர். அவர் தார்வாட்காரர். கடலோர ஊர்க்காரன் எல்லாருக்கும் நீச்சல் தெரியும் என்று நம்புகிறவர். எனக்கு நீச்சல் தெரியாது.

பக்கங்களைப் புரட்டப் புரட்டக் கொசுவத்தி சுற்ற ஆரம்பித்தது.

2017 ஜனவரி 28, சனிக்கிழமை விடியற்காலை. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே, சமையல் எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியேறிய பி.டபிள்யூ. மேப்பிள் என்ற கப்பலும், பெட்ரோலியச் சரக்கோடு உள்ளே வந்த டான் காஞ்சிபுரம் என்ற கப்பலும் மோதிக்கொண்டன. துறைமுகத் தரப்பிலிருந்து வந்த முதல் அறிக்கை, எண்ணெய் மாசு எதுவும் இல்லை என்ற தொனியில்தான் இருந்தது. எர்ணாவூர், பாரதியார் நகர், ராமகிருஷ்ணா நகர் குப்பத்து மக்களுக்கு அறிக்கை தேவைப்படவில்லை. கரையில் கறுப்பாக வந்து ஒதுங்கியது. கப்பல் எஞ்சினுக்கான கனரக எரிஎண்ணெய். தார் மாதிரி, அல்வா மாதிரி (அல்வா என்னை மன்னிக்கட்டும்) இறுகிக் கிடந்தது. நாள் போகப் போகத் தெற்கே நகர்ந்து மெரினாவையும் தாண்டியது.

ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகாத சென்னை அது. மெரினாவில் கூடிய கூட்டத்தின் சூடு ஆறாத பிள்ளைகள், கல்லூரி மாணவர்கள், தீயணைப்புப் படையினர், கடலோரக் காவல் படையினர், மாநகராட்சித் தொழிலாளர்கள், குப்பத்து ஆண் பெண் எல்லாரும் அந்தக் கற்களில் இறங்கி, வாளியால் அள்ளி, கைமாற்றிக் கைமாற்றி மேலே கொண்டுவந்தார்கள். அந்தப் படம் உலகம் முழுக்கப் போயிற்று. "செவ்வாய்க்கு விண்கலம் அனுப்பிய நாடு வாளியோடு நிற்கிறது" என்று நையாண்டிகள் பறந்தன. நானும் அலுவலக உணவு மேசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

என் பள்ளித் தோழன் ஒருவன் அந்தக் குப்பத்துக்காரன். அவனுடைய நைனா நாற்பது வருஷத்துக்கு மேல் கடலுக்குப் போனவர். அன்றைக்கு போனில் பேசினார். "வாடை அடங்குற நேரம் கண்ணு. வெள்ளம் தெக்கால இழுக்குது. எங்கன போய் ஒதுங்கும்னு நான் சொல்றேன், கேக்க ஆளு இல்ல" என்றார். கடலில் ஓடும் நீரோட்டத்தை அவர் வெள்ளம் என்றுதான் சொல்வார். ஐதராபாத்தில் இருக்கும் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸ், எண்ணெய் எந்தப் பக்கம் நகரும் என்று கணினியில் கணக்குப் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது. அதுவும் தெற்கு என்றுதான் சொன்னது. இருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். ஒருவரிடம் மட்டும்தான் யாரும் கேட்கவில்லை.

அந்தக் குடும்பத்துக்கு வலை இரண்டு செட் வீணாயிற்று. நைலான் வலையில் கனரக எண்ணெய் ஏறினால் துவைத்தெல்லாம் எடுக்க முடியாது. வாரக் கணக்கில் மீன் வாங்க ஆளில்லை. எங்கோ ஆழ்கடலில் பிடித்த மீனைக் கொண்டுவந்தாலும் "எண்ணெய் மீனா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். தோழனின் தங்கை கல்யாணம் அந்த வருஷம் தள்ளிப்போனது.

சரி, விஷயத்துக்கு வருவோம். எண்ணெய் கொட்டினால் கூப்பிட ஒரு நிபுணர் கூட்டம் இருக்கிறதே, இது எப்போது உண்டானது? 1967க்கு முன்னால் அப்படி ஒரு தொழிலே கிடையாது என்றே சொல்லலாம். அந்த வருஷம் மார்ச் 18 அன்று டோரி கேன்யன் என்ற ராட்சத எண்ணெய்க் கப்பல், இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் கார்ன்வாலுக்கும் சில்லி தீவுகளுக்கும் நடுவில் பாறையில் ஏறியது. உள்ளே ஏறத்தாழ 1,19,000 டன் கச்சா எண்ணெய். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசியில் ராணுவ விமானங்கள் வந்து கப்பல் மேல் குண்டு போட்டன. எண்ணெயை எரித்துவிடலாம் என்று நேப்பாம் கூடப் போட்டுப் பார்த்தார்கள். கரையில் டன் டன்னாகச் சோப்புத் திராவகம் ஊற்றினார்கள். எண்ணெய் கொன்றதைவிட அந்தத் திராவகம் கொன்ற கடல் உயிர்கள் அதிகம் என்று பிளிமத் கடல் உயிரியலாளர்கள் அடுத்த வருஷம் புத்தகமே போட்டார்கள். கெர்ன்சி தீவில் அள்ளிய எண்ணெயைப் பழைய கல்குவாரியில் கொட்டினார்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அந்தக் குவாரி எண்ணெய்த் தொல்லையாகவே இருந்தது.

அந்த அவமானத்திலிருந்து பிறந்ததுதான் இன்றைக்கு இருக்கிற எல்லாமே. 1968இல் கப்பல் முதலாளிகள் சேர்ந்து லண்டனில் ஐடாஃப் என்ற அமைப்பை உண்டாக்கினார்கள். முதலில் இழப்பீட்டு ஏற்பாட்டைக் கவனிக்க. பிறகு அதுவே எங்கே எண்ணெய் கொட்டினாலும் விமானம் ஏறிப் போய் ஆலோசனை சொல்கிற விஞ்ஞானிகளின் குழுவாக வளர்ந்தது. 1969இல் வட கடல் நாடுகள் பான் நகரில் ஒப்பந்தம் போட்டன. எண்ணெய்க்கு எல்லைக்கோடு தெரியாது, ஒருவர் கரையில் கொட்டினால் மற்றவர் கப்பல் அனுப்ப வேண்டும் என்று. பிராந்தியத் திட்டம் என்ற சொல்லுக்கு அதுதான் தாய். 1976இல் மத்தியதரைக் கடல் நாடுகளுக்கு மால்டாவில் ஒரு மையம் வந்தது. வளைகுடா நாடுகளுக்கு பஹ்ரைனில் 1982இல். (துபாயிலும் குவைத்திலும் இருக்கும் நம் ஆட்கள் குடிக்கும் தண்ணீர் கடல்நீரைச் சுத்திகரித்தது. அங்கே எண்ணெய் கொட்டினால் குழாயில் தண்ணீர் நிற்கும். 1991 வளைகுடாப் போரில் அந்தப் பயம் நிஜமாகவே வந்தது.)

திட்டம் இருந்தால் போதுமா என்ற கேள்விக்கு 1989 மார்ச் 24 பதில் சொன்னது. அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ். அங்கே அரசு ஒப்புதல் பெற்ற கனமான திட்டம் இருந்தது. ஆனால் கருவிகளை ஏற்றிக்கொண்டு ஓட வேண்டிய படகு தயாராக இல்லை. பல மணி நேரம் வீணாயிற்று. ஏறத்தாழ 37,000 டன் எண்ணெய் கடலில். அதன் பிறகு 1990 நவம்பரில் சர்வதேசக் கடல்சார் அமைப்பு, எண்ணெய் மாசுக்குத் தயார்நிலை, எதிர்வினை, ஒத்துழைப்பு பற்றிய உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. 1995இல் அமலானது. ஒவ்வொரு நாடும் தேசியத் திட்டம் வைத்திருக்க வேண்டும், பக்கத்து நாடுகளோடு சேர்ந்து பயிற்சி செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியா 1997இல் அதில் சேர்ந்தது.

நம் கதைக்கு வந்தால், 1974இலேயே லட்சத்தீவின் கில்தான் தீவில் டிரான்ஸ்ஹூரான் என்ற அமெரிக்க எண்ணெய்க் கப்பல் தரைதட்டியது. அப்போது நம்மிடம் கடலோரக் காவல் படையே இல்லை. அது வந்தது 1978 சட்டத்தில். எண்ணெய்க் கசிவைக் கவனிக்கும் பொறுப்பு 1986 மார்ச்சில் அவர்கள் தலையில் ஏறியது. 1993 ஜனவரியில் மலாக்கா நீரிணை வாயிலில் மெர்ஸ்க் நேவிகேட்டர் என்ற கப்பல் மோதி எரிந்து, நிக்கோபார் பக்கம் எண்ணெய் நகர்ந்தபோது நம் படையினர் போய் நின்றார்கள். அதே வருஷம் நவம்பரில் தேசிய எண்ணெய்க் கசிவுப் பேரிடர்த் திட்டத்துக்கு ஒப்புதல். 1996இல் வெளியீடு. மும்பை, சென்னை, போர்ட் பிளேரில் (2024இலிருந்து ஸ்ரீ விஜயபுரம்) மாசு எதிர்வினை மையங்கள்.

அந்தத் திட்டத்தில் ஒரு கணக்கு உண்டு. 700 டன் வரை முதல் அடுக்கு: துறைமுகமோ எண்ணெய் நிறுவனமோ தன் சொந்தக் கருவிகளை வைத்தே சமாளிக்க வேண்டும். அதற்கு மேல் 10,000 டன் வரை இரண்டாம் அடுக்கு. அதையும் தாண்டினால் மூன்றாவது, நாடே இறங்க வேண்டியது. எண்ணூரில் 2017இல் கொட்டியது 700 டன்னைத் தொடவே இல்லை. அதாவது நாம் உலகத்துக்கு முன்னால் வாளியோடு நின்றது காகிதக் கணக்கில் ஆகச் சின்ன அடுக்கு விபத்துக்கு!

தெற்காசியக் கூட்டு ஏற்பாடு இதைவிட மெதுவாக நகர்ந்தது. கொழும்பில் 1982 முதல் இருக்கும் தெற்காசியக் கூட்டுறவுச் சுற்றுச்சூழல் திட்டத்தின் கீழ், வங்கதேசம், இந்தியா, மாலத்தீவு, பாகிஸ்தான், இலங்கை ஐந்துக்குமான கடல் செயல்திட்டம் 1995இல் டெல்லியில் ஏற்கப்பட்டது. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் உதவியோடு வல்லுநர்கள் பிராந்திய எண்ணெய்க் கசிவுத் திட்டத்தை எழுதினார்கள். அதற்கான ஒப்பந்தத்துக்கு இந்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2018 மார்ச்சில். டெல்லியிலிருந்து டெல்லிக்கு வர 23 வருஷம்! பிராந்தியத் திட்டம் எழுத ஆலோசகர் கிடைப்பது சுலபம். அதில் கையெழுத்துப் போடப் பேனா கிடைப்பதுதான் கஷ்டம் போலிருக்கிறது.

ஆனாலும் அது பயனில்லாத காகிதம் என்று சொல்ல மாட்டேன். 2020 செப்டம்பர் 3 அன்று அம்பாறை மாவட்டம் சங்கமன்கண்டிக்குக் கிழக்கே நியூ டயமண்ட் கப்பல் தீப்பிடித்தது. குவைத்திலிருந்து பாராதீப்புக்கு வந்துகொண்டிருந்தது, உள்ளே ஏறத்தாழ 2,70,000 டன் கச்சா எண்ணெய். டோரி கேன்யனைப் போல இரண்டு மடங்குக்கு மேல். இந்தியக் கடலோரக் காவல் படையும் இலங்கைக் கடற்படையும் சேர்ந்து நின்று தீயை அணைத்தன. மாலுமி ஒருவர் இறந்துபோனார். சரக்கு எண்ணெய் கடலில் கொட்டவில்லை. கொட்டியிருந்தால் கல்முனையிலிருந்து மட்டக்களப்பு வரை என்ன ஆகியிருக்கும் என்று அந்தப் பக்கத்து உறவுகள் இருப்பவர்கள் யோசித்துப் பாருங்கள். நடக்காத விபத்துக்கு யாரும் மாலை போடுவதில்லை. அடுத்த வருஷமே கொழும்புக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ள் எரிந்தது. அதில் கொட்டியது எண்ணெயைவிட மோசம், பிளாஸ்டிக் மணிகள். 2025 மே மாதம் கொச்சிக்கு வெளியே எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியபோதும் அதே மணிகள் கேரளக் கரையில் ஒதுங்கின.

இப்போது டெண்டருக்குத் திரும்புவோம். ஆலோசகர் என்னதான் செய்வார்? அந்தக் கடலில் எந்தக் கப்பல், எந்த எண்ணெயோடு, எவ்வளவு அடிக்கடி போகிறது என்று கணக்கெடுப்பார். எந்த மாதம் கொட்டினால் எங்கே போகும் என்று காற்றையும் நீரோட்டத்தையும் வைத்து மாதிரி போடுவார். அலையாத்திக் காடு எங்கே, ஆமை முட்டையிடும் மணல் எங்கே, அனல் மின்நிலையம் தண்ணீர் எடுக்கும் வாய் எங்கே என்று கரையை நிறம் பிரித்து வரைபடம் செய்வார். சிதறடிக்கும் ரசாயனத்தை எங்கே தெளிக்கலாம், எங்கே தெளித்தால் டோரி கேன்யன் கதையாகும் என்று சொல்வார். நல்ல வேலைதான். நல்லவர் கையில் கிடைத்தால் ஒரு கரையையே காப்பாற்றும்.

என் பங்கு பம்பு. கனரக எண்ணெய் கடலில் அலையோடு அடிபட்டால் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு டன் எண்ணெய் மூன்று நான்கு டன் குழம்பாகிவிடும். சாதாரண மையவிலக்கு பம்பு அதை இழுக்கத் திணறும். இழுத்தாலும் அடித்துக் கலக்கி இன்னும் கெட்டியாக்கும். ஸ்க்ரூ பம்பு பரவாயில்லை. ஆனால் குப்பையும் பிளாஸ்டிக்கும் கலந்த குழம்பு, பாறை இடுக்கில் போய் அமர்ந்துவிட்டால்? எந்த பம்பும் அங்கே போகாது. 2017இல் சென்னைக் குடிநீர் வாரியத்தின் ராட்சத உறிஞ்சு லாரிகள் வந்தும் பெரிதாக எடுபடாததற்கு இதுதான் காரணம். என் மகள் கேட்ட கற்கள் இருக்கின்றனவே, அவற்றின் சந்துகளில்தான் கை நுழைந்தது.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு எட்டு வருஷம் ஆனது. வாளியில் அவமானமே இல்லை. 1997 ஜனவரியில் ஜப்பான் கடலில் நஹோத்கா என்ற ரஷ்யக் கப்பல் உடைந்தபோது, ஃபுகுயி கரையில் ஜப்பானியர்கள் கரண்டியாலும் வாளியாலும்தான் அள்ளினார்கள். 2007 டிசம்பரில் தென் கொரியாவின் தேயானில் பத்து லட்சத்துக்கும் மேலான தொண்டர்கள் துணியால் கல்லைத் துடைத்தார்கள். 2014 டிசம்பரில் சுந்தரவனத்துச் சேலா ஆற்றில் மூன்றரை லட்சம் லிட்டர் எண்ணெய் கொட்டியபோது மக்கள் சட்டி பானையோடு இறங்கினார்கள். அள்ளிய எண்ணெயை லிட்டர் முப்பது டாக்காவுக்கு அரசு எண்ணெய்க் கழகம் வாங்கிக்கொண்டது.

அவமானம் வேறு இடத்தில். கையுறை இல்லாமல், முகமூடி இல்லாமல், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்ற வரையறை இல்லாமல், அள்ளியதை எங்கே கொட்டுவது என்று முதலில் தெரியாமல் நின்றோமே, அங்கே. (பிறகு துறைமுக வளாகத்தில் குழி வெட்டி, நுண்ணுயிர் விட்டுச் சிதைத்தார்கள்.) 2023 நவம்பர் 25 அன்று குஜராத்தின் வாடினாரில் தேசிய அளவிலான எண்ணெய்க் கசிவு ஒத்திகை வெளிநாட்டுப் பார்வையாளர்களோடு நடந்தது. பத்தே நாளில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் இறங்கியது. மறுபடியும் மீனவர்களே ஃபைபர் படகுகளில் அள்ளினார்கள். தோழன் அனுப்பிய படத்தில் அவன் கை முழங்கை வரை கறுப்பு.

ஆகவே டெண்டரில் அந்தப் பக்கத்தைத் தேடினேன். ஆலோசகருக்குப் பதினைந்து வருஷ அனுபவம் வேண்டும், சர்வதேசப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும், இத்தனை திட்டம் எழுதியிருக்க வேண்டும். எல்லாம் சரி. கரையில் அள்ளப்போகிறவர் யார், அவரிடம் யார் எந்த மொழியில் பேசுவார் என்று ஒரு வரி இல்லை. கேள்விகள் அனுப்பக் கடைசி நாளுக்கு முன்னால், பம்பு கேள்விகளோடு ஒன்றைச் செருகினேன்: கையால் அள்ளும் குழுவுக்கான உடை, கருவி, பயிற்சி, கூலி பற்றிய பகுதி ஆலோசகரின் பணியில் சேருமா? மேனேஜர் பார்த்துவிட்டு, "இது நம்ம ஐட்டம் இல்லையே" என்றார். ஆனால் அடிக்கவில்லை, அனுப்பிவிட்டார்.

பதில் இரண்டு வாரத்தில் வந்தது. பணி வரம்புக்கு அப்பாற்பட்டது.

கோபத்தில் அன்றைக்கு ராத்திரி நானே ஒரு பட்டியல் தட்டினேன், தமிழில், இரண்டு பக்கம். எண்ணெய் புகாத கையுறை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், ஆவி வடிகட்டும் முகமூடி, கண்ணாடி, பாறைக்கு நீளக் கரண்டி, 20 லிட்டர் மூடி போட்ட வாளி, கரையில் தார்ப்பாய் விரித்த குழி, எண்ணெய் பட்ட தோலைக் கழுவச் சமையல் எண்ணெயும் சோப்பும், மண்ணெண்ணெய் கூடாது, கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் இறங்கக் கூடாது, இரண்டு மணிக்கு ஒரு முறை ஆள் மாற்றம். தோழனுக்கு அனுப்பினேன். அவன் நைனாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அவரே கூப்பிட்டார்.

"எல்லாம் நல்லாத்தான் எழுதிக்கீற கண்ணு. வாளி மட்டும் இன்னா, இருவது லிட்டரா?"

"ஆமா நைனா, அதான் கடையில சுலபமா கிடைக்கும்."

"ரொம்பினா இருவது கிலோவுக்கு மேல வரும். வழுக்குற கல்லு மேல கைமாத்தி ஏத்தணும். பொம்பளைங்க நிப்பாங்க வரிசைல. பத்துக்கு மேல போவாத. கைப்பிடி தகடு வேணாம், கயிறு கட்டு."

இருபதை அடித்துவிட்டுப் பத்து என்று எழுதினேன். கைப்பிடி, கயிறு.